வெள்ளை ஃபில்லிங் உடையாம இருக்க என்ன செய்யோணும்

எங்கட அம்மான்ர கடவாய்ப் பல்லில வச்ச வெள்ளை ஃபில்லிங் ஆறு மாசத்தில முறுக்கு கடிக்கேக்க ரெண்டாப் பிளந்திட்டுது. வெள்ளவத்தைப் பக்கம் கேட்டா எல்லாரும் வெள்ளைச் சாமான் பலமில்லை, பழைய வெள்ளி அடைப்புத்தான் நல்லம் எண்டுதான் சொல்லீனம். ஆனா சாமானை மட்டும் குறை சொல்லேலாது, கதிரையில படுத்திருக்கிற அந்த அரை மணித்தியாலத்திலதான் முக்கால்வாசி முடிவாகுது.

இந்த வெள்ளைச் சாமானுக்குப் பேர் கொம்போசிட், அது கொங்கிறீட் மாதிரி ஒண்டு, சீமெந்துக்குப் பதிலா ரெசின் எண்டுற பிசின், கல்லுக்குப் பதிலா கண்ணாடித் தூள். கடவாய்க்கு வைக்கிறதில எடையில 70, 80 வீதம் அந்தத் தூள்தான். நேரா அமத்தினாத் தாங்கும், வளைஞ்சா வெடிக்கும். அதால மெல்லிசா வச்சா சரிவராது. தண்ணி மாதிரி ஓடுற கொம்போசிட்டும் இருக்கு, அதில அநேகமாத் தூள் குறைவு, அடியில பூசலாம், கடிக்கிற பக்கம் முழுக்க அதாலயே நிரப்பினா கெதியா தேயும், உடையும்.

போகேக்க முதல் கேக்கவேண்டியது ரப்பர் டாம் போடுவீங்களோ எண்டு. பல்லைச் சுத்திப் போடுற ரப்பர் சீலைதான் அது. ஒட்டுற நேரம் துப்பலோ முரசு ரத்தமோ பட்டா ஒட்டு பிடிக்காது, ஒட்டாத ஃபில்லிங் ஒவ்வொரு கடிக்கும் அசைஞ்சு அசைஞ்சு வெடிக்கும். அடுத்தது லைட். சாதாரண கொம்போசிட்டை 2 மில்லிமீற்றர் தடிப்பில படை படையா வச்சு ஒவ்வொரு படைக்கும் நீல லைட் அடிக்கோணும், பல்க் ஃபில் எண்டுற, தடிப்பா வைக்கவெண்டே செய்த வகை எண்டா 4 மில்லிமீற்றர் வரைக்கும் ஒரேயடியா வைக்கலாம். அவசரத்தில மொத்தமா அடைச்சு ஒருக்கா லைட் அடிச்சா மேல கல்லு மாதிரி இருக்கும், அடியில இறுகாமக் கிடக்கும், பாத்தாத் தெரியவே தெரியாது. தயவுசெய்து வெக்கப்படாம கேளுங்கோ, நல்ல டொக்டர் கோவிக்கமாட்டார்.

குழி பெரிசு, பல்லுச் சுவர் மெல்லிசு எண்டா நார் கலந்த கொம்போசிட்டை அடியில வச்சு மேல சாதாரணத்தால மூடலாமோ எண்டு கேளுங்கோ, வெடிப்பு ஓடிப்போறதை நார் மறிக்கும். அம்மாக்கு ரெண்டாந்தரம் அப்பிடித்தான் செய்தது. ரூட் கனால், அதாவது வேர்ச் சிகிச்சை செய்த கடவாய்ப் பல்லுக்கு அநேகமா கிரவுன் எண்டுற, பல்லை மூடிப் போடுற உறைதான் சரி, காசைப் பாத்து ஃபில்லிங்கோட நிப்பாட்டினா சிலவேளை பல்லே பிளந்திடும்.

இப்ப ஆக முக்கியமானது, கடி. முடிஞ்சோடன கலர்ப் பேப்பரைக் கடிக்கச் சொல்லுவினம், ஆனா வாய் விறைச்சிருக்கிற நேரம் எங்களுக்குச் சரியாத் தெரியாது. அடுத்த நாள் காலமை பாண் கடிக்கேக்க அந்தப் பல்லு முதல்ல முட்டுற மாதிரி இருந்தா பழகீரும் எண்டு விடாதேங்கோ, திரும்பப் போங்கோ, ஒரு நிமிஷம் உரசிவிடுற வேலைதான். அம்மா அதைத்தான் விட்டவ.

கொம்போசிட் லைட்டிலயே இறுகீரும், விறைப்புப் போனபிறகு சாப்பிடலாம். ஆனா பாக்கு, ஐஸ் கட்டி எல்லாம் அந்தப் பக்கத்தால வேண்டாம். நித்திரையில பல்லு நெருமுற ஆக்கள் இரவில போடுற நைட் கார்ட் செய்விச்சுக்கொள்ளுங்கோ, இல்லாட்டி எந்தச் சாமானும் நிக்காது.

ஓரத்தில சின்னத் துண்டு விழுந்தா முழுக்கக் கழட்டத் தேவையில்லை, கனதரம் அந்த இடத்தை மட்டும் சுரண்டி ஒட்டலாம், ஆனா அண்டைக்கே போன் பண்ணி நேரம் எடுங்கோ, போற வரைக்கும் மற்றப் பக்கத்தால சாப்பிடுங்கோ.