குடும்பத்தில் மூட்டுத் தேய்மானம் இருந்தால் செய்ய வேண்டியவை

பெற்றோர், பாட்டி, அத்தை என நெருங்கிய உறவினரில் யாருக்கு மூட்டுத் தேய்மானம் வந்தது, எந்த மூட்டில், எந்த வயதில் தொடங்கியது என்பதை முதலில் கேட்டு எழுதி வையுங்கள். இரட்டையர்களிடம் நடத்திய ஆய்வுகளின்படி, கை மற்றும் இடுப்பு மூட்டுத் தேய்மானத்தில் மரபின் பங்கு ஏறத்தாழ 60 விழுக்காடு. முழங்காலில் அது 40 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஜிடிஎஃப்5 உள்ளிட்ட பல மரபணுக்கள் சிறிது சிறிதாக அபாயத்தைக் கூட்டுவதால், பணம் செலவழித்து மரபணுப் பரிசோதனை செய்வதைவிட இந்தக் குறிப்பே பயன் தரும் என்பது என் கருத்து.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் இத்துடன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரே வீட்டார் பல ஆண்டுகள் ஒரே போர்வெல் தண்ணீரைக் குடித்திருந்தால், பரம்பரை நோய் என்று எண்ணுவது நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பின் பாதிப்பாகவும் இருக்கலாம். பற்களில் பழுப்புக் கறை, கழுத்தையும் முதுகையும் வளைக்க முடியாத இறுக்கம் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லி, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் அதைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள்.

அடுத்து, உடல் எடை. கூடுதல் எடை உள்ளவர் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. ராகிக் களி நல்ல உணவுதான், சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. ஆனாலும் உருண்டையின் அளவைக் குறைத்து, கீரையையும் பயறையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

தொடைத் தசை வலுவாக இருந்தால் முழங்காலுக்குத் தாங்கல் கிடைக்கும். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை மெல்ல நேராக நீட்டி, தொடை இறுகுவதைக் கையால் தொட்டு உணர்ந்தபடி ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, நாள்தோறும். இத்துடன் நடைப்பயிற்சியும் வேண்டும்.

தக்காளித் தோட்டத்திலும் சாமந்தித் தோட்டத்திலும் நாள் முழுக்கக் குந்தியிருப்பவர்கள் தாழ்வான முக்காலியைப் பயன்படுத்தி, அவ்வப்போது எழுந்து காலை நீட்டிக்கொள்ள வேண்டும்.

காலையில் எழும்போது வரும் மூட்டு இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மூட்டு சூடாக வீங்கினாலோ அது வேறு வகை வாதமாக இருக்கலாம் என்பதால், வலி மாத்திரையோடு நாளைக் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நடக்க இயலாத பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.