வழுக்கும் மூடிக்கு ஒரு பிடிதுணி

ஊறுகாய் பாட்டில் மூடியில் எண்ணெய் பட்டுவிட்டால் அம்மாவின் மூட்டுவலிக் கைக்கு அது மசியாது. பழைய ஜீன்ஸ் காலில் ஒரு சாண் சதுரம் வெட்டினேன். அலமாரித் தட்டில் விரிக்கும் ரப்பர் மாதிரி வலை விரிப்பை அதன்மேல் வைத்துத் தைத்தேன்.

தொல்லையெல்லாம் மெஷினில்தான். ஊசியடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டில் விரிப்பு ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. நூல் ஒரே இடத்தில் குவிந்தது. மேலே பட்டர் பேப்பர் வைத்து, 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையல் நீளத்தை 4 மி.மீ. ஆக்கியதும் சரசரவென்று ஓடியது. பொடித் தையல் என்றால் ஊசித்துளை வரிசையிலேயே விரிப்பு கிழியும். பேப்பரைப் பிறகு கிழித்தெடுத்துவிடலாம். (இப்படி ஒட்டாத டெஃப்லான் ஃபுட் என்று தனியாக விற்கிறார்கள், ஒரு துணிக்காக அதை வாங்குவானேன்?) ஓரத்துக்கு ஜிக்ஜாக் போதும்.

சூடான பாத்திரத்துக்கு மட்டும் வேண்டாம், இளகி ஒட்டும். அதற்குப் பழைய கரித்துணிதான்.