தியோமானுக்குப் போய்வர ஒரு சின்னப் படகு: இரண்டாவது தடவை சரியாக வாங்கிய கதை

முதல் படகைப் பார்த்தவுடன் பிடித்துப்போய் வாங்கினேன். 22 அடி, வெள்ளை உடம்பில் நீலக் கோடு, உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். எட்டே மாதத்தில் விற்றுவிட்டேன். இரண்டாவதைத் தேட ஒரு வருடம் ஆனது. அது நாலு வருடமாக என்னோடு இருக்கிறது. இடையில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உரிமம், பெர்த் (படகு நிறுத்தும் இடம்) வாடகை, குடிநுழைவுச் சடங்கெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. இயந்திரம் வைத்த சின்னப் பாய்மரப் படகைப் பற்றி மட்டும் பேசுவோம்.

படி 1: முதலில் வரைபடம், அப்புறம் படகு

எங்கே போகப் போகிறீர்கள்? சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து இந்தோனேசியத் தீவான பாத்தாமின் நொங்சாவுக்கு என்றால் இருபது கடல் மைலுக்குள் முடிந்துவிடும். ஆனால் நடுவில் சிங்கப்பூர் நீரிணையின் கப்பல் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டும். மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவான தியோமான் என்றால் ஏறத்தாழ 100 கடல் மைல். ஜொகூரின் கிழக்கு முனையைச் சுற்றித் தென்சீனக் கடலில் வடக்கே ஏற வேண்டும், ஓர் இரவு கடலில்தான் கழியும். முதல் பயணத்துக்கு வேகமும் நம்பகமான இயந்திரமும் வேண்டும். இரண்டாவதற்கு அவற்றோடு தூங்க இடமும் புரண்டு எழும் பலமும் வேண்டும்.

பாய்மரப் புத்தகங்களில் பெரும்பாலானவை அட்லாண்டிக்கையும் ஆங்கிலக் கால்வாயையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே காற்று அதிகமாகி உயிரை வாங்கும். நம் பக்கம் பாதி நாள் காற்றே இருக்காது. மீதி நேரத்தில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன்னோ காலையிலோ மேற்கிலிருந்து சுமாத்ரா புயல்காற்று வந்து, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் உலுக்கிவிட்டுப் போய்விடும். டிசம்பர், ஜனவரியில் தியோமான் பக்கம் போக நினைக்கவே வேண்டாம். வாடைக்காலத்தில் அங்கே பல விடுதிகளே மூடிக்கிடக்கும்.

படி 2: தகட்டைப் படியுங்கள்

ஐரோப்பியத் தரம் பெற்ற படகில் காக்பிட் (உட்கார்ந்து ஓட்டும் பள்ளம்) பக்கம் ஒரு தகடு இருக்கும். அதில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து. சி என்றால் பியூஃபோர்ட் காற்றளவையில் 6ஆம் நிலைக் காற்று, 2 மீட்டர் அலை வரைக்கும் என்று கணக்கு. பி என்றால் 8ஆம் நிலை, 4 மீட்டர். நொங்சாவுக்கு நல்ல நாளில் சி போதும். தியோமானுக்கு பி இல்லாமல் நான் கிளம்ப மாட்டேன். பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பாருங்கள்: பி-யில் 4 பேர், சி-யில் 6 பேர் என்று இருக்கலாம். ஆள் கூடினால் தகுதி குறைகிறது. பழைய படகுகளில் தகடே இருக்காது. அப்போது படகு எளிதில் கவிழுமா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போடலாம்: எடையைப் பவுண்டில் எடுத்து 64ஆல் வகுத்து, கன மூலம் கண்டு, படகின் அகலத்தை (அடியில்) அதனால் வகுக்க வேண்டும். விடை 2க்குக் கீழே இருந்தால் நல்லது. என் முதல் படகு 8 அடி அகலம், 2500 பவுண்டு: 2.36. இப்போதைய படகு அதே அகலம், 5000 பவுண்டு: 1.87. எடை கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்பது இந்தக் கணக்குக்குத் தெரியாது. அதனால் இதை முதல் வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: இயந்திரம் தண்ணீருக்குள் இருக்கிறதா?

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் படகின் பின்புறம் 4 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் தொங்கியது. ஜொகூர் நீரிணையின் தட்டையான தண்ணீரில் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகம் தந்தது. அந்தத் தைரியத்தில் நொங்சாவுக்குக் கிளம்பினேன். கப்பல் பாதையின் நடுவில் ஒரு ஃபெர்ரி கிளப்பிவிட்ட அலைகள் வந்தன. படகின் மூக்கு இறங்கியது, பின்புறம் எழும்பியது, ப்ரொப்பெல்லர் காற்றில் சுழன்று அலறியது. மறுபடி தண்ணீருக்குள் இறங்கிப் பிடிப்பதற்குள் அடுத்த அலை. வேகம் 3 நாட்டுக்கும் கீழே. தூரத்தில் தெரிந்த ஒரு கொள்கலன் கப்பல் பெரிதாகிக்கொண்டே வந்தது. 12 நாட்டில் வரும் கப்பல் ஒரு கடல் மைலை ஐந்தே நிமிடத்தில் விழுங்கிவிடும். எப்படியோ தப்பித்துக் கரை சேர்ந்தேன். மோட்டாரைப் பழுது பார்க்கக் கொடுத்தபோது அந்த மெக்கானிக் அண்ணன் சிரித்தார்: "மோட்டார் நல்லாத்தான் இருக்கு தம்பி. தண்ணிக்குள்ள இல்லாததுதான் பிரச்சினை."

அவுட்போர்டுகளில் சாஃப்ட் (கீழே இறங்கும் தண்டு) நீளம் 15, 20, 25 அங்குலம் என்று மூன்று வகை பொதுவாகக் கிடைக்கும். என்னுடையது 15. அது ரப்பர் படகுக்கு ஆனது. பாய்மரப் படகின் பின்புறத்தில் தொங்க 20 குறைந்தபட்சம், நீரிணையைக் கடக்க 25. என் தேர்வைக் கேட்டால் டோஹட்சு 6 குதிரைத்திறன் செயில் ப்ரோ. பாய்மரப் படகுக்கென்றே வந்தது, 25 அங்குலத்தில் கிடைக்கிறது. 26 அடிக்கு மேல் போவதாக இருந்தால் அவுட்போர்டையே மறந்துவிட்டு, உள்ளே பொருத்திய டீசலைத் தேடுங்கள். அதன் ப்ரொப்பெல்லர் படகின் வயிற்றுக்கு அடியில் இருக்கும். என் இப்போதைய படகில் அதுதான். கிழட்டு எஞ்சின், புகையும் விடும், ஆனால் அலை வந்தாலும் பிடியை விடாது.

வேகத்துக்கு ஏன் இத்தனை அழுத்தம் என்று கேட்கலாம். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் 10ஆவது விதி, கப்பல் பாதையைக் கடப்பவர் முடிந்தவரை செங்குத்தாகத் தலை வைத்துக் கடக்க வேண்டும் என்கிறது. கவனியுங்கள், செங்குத்தாக இருக்க வேண்டியது படகின் தலை. நீங்கள் போய்ச் சேரும் தடம் எப்படி இருந்தாலும் சரி. நீரோட்டத்துக்கு ஈடுகட்டத் தலையைத் திருப்பினால் பாதைக்குள் கூடுதல் நேரம் நிற்பீர்கள். 20 மீட்டருக்குக் குறைந்த நாம், பாதையில் வரும் கப்பலுக்கு இடைஞ்சல் தரவும் கூடாது. சரி, மூன்று கடல் மைலைக் கடக்கிறோம், நீரோட்டம் 3 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 நாட் படகு 36 நிமிடத்தில் கடந்துவிடும், 1.8 மைல் பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படும். 4 நாட் படகுக்கு 45 நிமிடம், 2.25 மைல். அப்புறம் அந்த 2.25 மைலை எதிர்நீரில் திரும்பி ஏற வேண்டுமென்றால் உங்களுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு நாட்.

படகு எவ்வளவு வேகம் போகும் என்பதை வாங்குமுன்பே கணக்கிடலாம். தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்குங்கள். 18 அடிக்கு 5.7 நாட், 20 அடிக்கு 6. எவ்வளவு பெரிய எஞ்சின் வைத்தாலும் இந்த வகைப் படகு இதற்கு மேல் பெரிதாகப் போகாது.

நாள் பார்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அட்டமி, நவமியில் எதையும் தொடங்காதே என்பார் அம்மா. எனக்கோ அதை ஒட்டிய நாட்கள்தான் பிடிக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரின் ஏற்ற இறக்கம் அதிகம், அட்டமிப் பக்கம் குறைவு. ஆனால் நம் நீரிணையின் ஓட்டத்தில் நிலவு நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். ஆகவே பஞ்சாங்கத்தோடு நிற்காமல் நீரோட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

படி 4: தட்டிப் பாருங்கள்

ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் டெக் முழுக்கத் தட்டுங்கள். டக் டக் என்றால் சரி. தொம் தொம் என்றால் ஃபைபர்கிளாஸுக்கு நடுவில் வைத்த மரம் ஊறிவிட்டது. நம் மழைக்கு இது சர்வசாதாரணம். அடுத்து, படகின் அடியில் தண்ணீர் வந்து போகும் வால்வுகள். லேசாகச் சுரண்டினால் உலோகம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறதா? துத்தநாகம் கரைந்துபோன பித்தளை அது. ஒரு நாள் கையோடு வந்துவிடும். மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். காக்பிட்டில் குழாயால் தண்ணீரை நிரப்பி, தானாக வடிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். வடியவே இல்லை என்றால் தியோமானை விட்டுவிடுங்கள்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்கு எத்தனை வயது என்று கேளுங்கள். "நல்லாத்தான் இருக்கு" என்று பதில் வந்தால் பத்து வருடத்துக்கு மேல் என்று எடுத்துக்கொண்டு, புதிதாகப் போடும் செலவையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

படி 5: எந்த மாடல்?

இது ருசி சார்ந்த விஷயம். 1942இல் வடிவமைக்கப்பட்ட நார்டிக் ஃபோக்போட், அதன் வழியில் வந்த கொன்டெஸ்ஸா 26, ஸ்வீடனின் அல்பின் வேகா 27 மூன்றும் சின்ன உடம்பில் பெரிய கடல் பார்த்தவை. தான்யா ஏபி 1980களில் ஒரு கொன்டெஸ்ஸா 26இல் உலகையே சுற்றி வந்தார். கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் உள்ளே புழுங்கும், நிமிர்ந்து நிற்க முடியாது. அகலமான புதுப் படகுகள் மரினாவில் விருந்து வைக்க நன்றாக இருக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு 20 அங்குல மோட்டார் வாங்கிய ஒருவர், ப்ரொப்பெல்லர் இன்னும் வெளியே வருகிறது என்று எழுதினார். அவர் ப்ரொப்பெல்லரின் நடு வரைக்கும் அளந்திருக்கிறார். அளக்க வேண்டியது, படகில் உட்காரும் தாங்கியிலிருந்து ப்ரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக இருக்கும் தகடு வரை. அப்படி அளந்தால் அவருடையது 15தான்.

இன்னொன்று: 25 அங்குலம் போட்டும் அலறுகிறது என்றார் மற்றொருவர். நேரில் போய்ப் பார்த்தேன். மூக்குப் பக்கம் 30 மீட்டர் நங்கூரச் சங்கிலி, 8 மில்லிமீட்டர் கனம். மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ என்றால் மொத்தம் 42 கிலோ. போதாததற்கு, வேடிக்கை பார்க்க அவருடைய மச்சான்கள் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலியைப் பத்து மீட்டராக்கி மீதிக்குக் கயிறு கட்டினோம். மச்சான்களைக் காக்பிட்டுக்கு வரச் சொன்னோம். சத்தம் நின்றுவிட்டது.