பதினோராம் வகுப்பு அமெரிக்க இலக்கியம்: பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகளில் அமெரிக்க இலக்கியம் பெரும்பாலும் பதினோராம் வகுப்பில் வரும். நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம் கிடையாது. மாநிலம், பள்ளி மாவட்டம், ஆசிரியர் என்று புத்தகப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். ஆனாலும் ஹாதார்ன், மார்க் ட்வைன், ஃப்ரெடரிக் டக்ளஸ், எமிலி டிக்கின்சன், ஃபிட்ஸ்ஜெரால்ட், லாங்ஸ்டன் ஹியூஸ், ஆர்தர் மில்லர் ஆகியோரில் நாலைந்து பேரையாவது படிக்காமல் அந்த வருடத்தைத் தாண்டுவது கடினம். கணக்கிலும் அறிவியலிலும் தொடர்ந்து ‘ஏ’ வாங்கும் நம் பிள்ளைகள் சிலர் இந்த வகுப்பின் முதல் கட்டுரையிலேயே மதிப்பெண் குறைந்து கலங்கிப் போகிறார்கள். ஆங்கிலம் போதவில்லை போலிருக்கிறது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறோம். அனேகமாகக் காரணம் வேறு.

முதல் காரணம், கட்டுரை எழுதச் சொன்னால் கதையை எழுதி வைப்பது. ஆசிரியருக்குக் கதை தெரியும். அவர் கேட்பது, இந்தப் புத்தகத்தில் நீ என்ன பார்த்தாய், அதற்கு ஆதாரமாக எந்த வரியைக் காட்டுவாய் என்பதைத்தான். 1925-இல் வந்த ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலையே எடுத்துக்கொள்வோம். முதல் அத்தியாயத்தின் முடிவில் கேட்ஸ்பி இருட்டில் தண்ணீரை நோக்கிக் கைகளை நீட்டுகிறான். எதிரே தூரத்தில், அவன் காதலிக்கும் டெய்சியின் வீட்டுப் படகுத்துறை முனையில், ஒரு பச்சை விளக்கு. ‘பச்சை விளக்கு நம்பிக்கையின் குறியீடு’ என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதுவார்கள். தவறில்லை, ஆனால் அதோடு நின்றால் அங்கே வாதம் என்று ஒன்றும் இல்லை. ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போங்கள். டெய்சி இப்போது அவன் பக்கத்திலேயே நிற்கிறாள். அந்த நொடியில் விளக்கு தன் மந்திரத்தை இழந்து, வெறும் படகுத்துறை விளக்காகிவிடுகிறது. இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்க்கும் மாணவி, ‘கைக்கு எட்டாத வரைதான் கேட்ஸ்பியின் ஆசைக்கு மதிப்பு’ என்று எழுதலாம். இது வாதம். இதை ஒருவர் மறுக்கலாம். மறுக்க முடிகிற கருத்தைச் சொன்னால்தான் அதை நிறுவ நான்கு பக்கம் தேவைப்படும். தாளின் ஓரத்தில் ஆசிரியர் ‘சரி, அதனால் என்ன?’ என்ற பொருளில் கேட்டு எழுதினால், கோபப்படாமல் அந்தக் கேள்விக்குப் பதிலாக இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பாருங்கள். கட்டுரை அங்கேதான் உயிர் பெறும்.

அடுத்தது, ஊரறிந்த கருத்தோடு போய்ப் படைப்பைப் படிப்பது. ராபர்ட் ஃப்ராஸ்டின் ‘தி ரோடு நாட் டேக்கன்’ கவிதையில் இது அடிக்கடி நடக்கிறது. பட்டமளிப்பு வாழ்த்து அட்டைகளில் பார்த்துப் பார்த்து, யாரும் போகாத பாதையைத் துணிந்து தேர்ந்தெடுத்தவனின் வெற்றிக் கவிதை அது என்று மனதில் பதிந்துபோயிருக்கும். கவிதையின் நடுவில் நிதானமாக நில்லுங்கள். இரண்டு பாதைகளும் ஏறத்தாழ ஒரே அளவுதான் தேய்ந்திருந்தன என்கிறான் கவிதையில் பேசுபவன். அன்று காலை இரண்டிலும் இலைகள் ஒரே மாதிரி மிதிபடாமல் கிடந்தன என்றும் சொல்கிறான். அப்புறம், ‘அதிகம் பேர் போகாத பாதையில் போனேன், அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது’ என்ற அந்தப் புகழ்பெற்ற கடைசி வரிகள்? பல காலம் கழித்து ஒரு பெருமூச்சோடு தான் இப்படிச் சொல்லிக்கொண்டிருப்பேன் என்று அவன் முன்கூட்டியே சொல்வது அது. நாம் எடுத்த முடிவுகளுக்குப் பிற்பாடு எப்படிக் கதை கட்டிக்கொள்கிறோம் என்பதைப் பற்றிய கவிதையாக அது மாறிவிடுகிறது. இந்த வகுப்பு ஒரு பிள்ளைக்குத் தரக்கூடிய ஆகப் பெரிய சந்தோஷம் இதுதான் என்பேன்: எல்லோரும் அறிந்ததாக நினைக்கும் வரியைத் தானே படித்து, வேறொன்றைக் கண்டுபிடிப்பது.

கதை சொல்பவரையும் எழுத்தாளரையும் ஒன்றாக்கிவிடுவதும் வழக்கமான சறுக்கல். மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலின் 31-ஆம் அத்தியாயத்தில், தப்பியோடிய அடிமையான ஜிம்மைக் காட்டிக்கொடுக்காவிட்டால் தனக்கு நரகம்தான் என்று கதை சொல்லும் சிறுவன் ஹக் மனதார நம்புகிறான். நம்பிக்கொண்டே, காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடுகிறான். தான் பாவம் செய்வதாகச் சிறுவன் நினைக்கிறான். அவனுக்கு அப்படிக் கற்றுக்கொடுத்த சமூகத்தைத்தான் ட்வைன் குற்றக் கூண்டில் நிறுத்துகிறார். இந்த இடைவெளி பிடிபடாவிட்டால் நாவலே தலைகீழாகப் புரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் இந்த நூலில் திரும்பத் திரும்ப வருகிறது. அச்சில் இருக்கிறதே என்று வகுப்பில் அதை உரக்கப் படித்துவிடக் கூடாது. பல ஆசிரியர்கள் முதல் நாளே இதற்கு விதி சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டாலும் தவிர்ப்பதுதான் சரி.

நாடகத்தை வரலாறாக எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆர்தர் மில்லரின் ‘தி குரூசிபிள்’ 1692-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றியது. எழுதப்பட்டதோ கம்யூனிஸ்டுகள் என்ற சந்தேகத்தில் பலரை விசாரித்து வேட்டையாடிய மெக்கார்த்தி காலத்தில், அரங்கேறியது 1953-இல். நாடகத்துக்காக மில்லர், சூனியக் குற்றம் சாட்டும் சிறுமி அபிகெயிலின் வயதைக் கூட்டினார், அறுபது வயதை ஒட்டிய நாயகன் ஜான் ப்ராக்டரை முப்பதுகளுக்கு இறக்கினார். அவர்களுக்கிடையே நாடகம் காட்டும் உறவும் அவர் சேர்த்தது. 1956-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு மில்லரையே அழைத்து, கம்யூனிஸ்டுக் கூட்டங்களுக்கு வந்த மற்றவர்களின் பெயர்களைக் கேட்டது. அவர் சொல்ல மறுத்தார். தன் நாயகன் மேடையில் செய்ததை மூன்று ஆண்டு கழித்து அவரே செய்ய வேண்டியிருந்தது. இரண்டு காலங்களையும் சேர்த்துப் படித்தால்தான் நாடகத்தின் சூடு தெரியும்.

படத்தைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஹாதார்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலில் பாதிரியார் டிம்ஸ்டேல் தண்டனை மேடையிலேயே உயிரை விடுகிறார். 1995-இல் வந்த படத்திலோ அவர் நாயகி ஹெஸ்டரோடு ஊரை விட்டுக் கிளம்பிவிடுகிறார். இணையத்தில் கிடைக்கும் கதைச் சுருக்கமும் அரைக் கிணறுதான் தாண்டவைக்கும்; குறுந்தேர்வில் கேட்கப்படுவது பெரும்பாலும் சுருக்கத்தில் விடுபட்ட சின்ன விவரங்கள். 1850-இல் எழுதப்பட்ட நீண்ட வாக்கியங்களை முதல் நாள் இரவு நாற்பது பக்கம் ஓட்டினால் தலைக்குள் எதுவும் நிற்காது. தினமும் பத்துப் பக்கம், கையில் பென்சில், புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போதும். பிடிபடாத வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள், பாதி அவிழ்ந்துவிடும்.

எம்எல்ஏ (MLA) என்னும் கட்டுரை வடிவ, மேற்கோள் விதிமுறை, மேற்கோளுக்குப் பக்க எண், கதை நிகழ்வுகளை நிகழ்காலத்தில் எழுதுவது இவையெல்லாம் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளக் கூடியவை. இதில் மதிப்பெண்ணை விடுவது வீண்.

கடைசியாக, வாய் திறக்காமல் இருப்பது. ஆசிரியர் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பது மரியாதை என்று நாம் வளர்த்திருப்போம். இங்கே வட்டமாக உட்கார்ந்து மாணவர்களே விவாதிக்கும் சாக்ரடிக் செமினாருக்கு மதிப்பெண் உண்டு, மௌனத்துக்குக் கிடையாது. கூச்சமுள்ள பிள்ளை முதல் நாளே பக்க எண்ணோடு ஒரு கேள்வியை எழுதி எடுத்துப் போகட்டும். ஆரம்பத்திலேயே அதைக் கேட்டுவிட்டால் பாரம் இறங்கிவிடும். கல்லூரி விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தரும்படி பலர் கேட்பதும் இந்தப் பதினோராம் வகுப்பு ஆங்கில ஆசிரியரிடம்தான். பின் வரிசையில் ஒன்பது மாதம் அமைதியாக இருந்த மாணவனைப் பற்றி அவரால் என்ன எழுத முடியும்? செப்டம்பரிலேயே ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ஏன் மார்க் குறைந்தது?’ என்று ஆரம்பிக்காமல், தன் கட்டுரையில் ஒரு பத்தியைக் காட்டி, ‘இந்த மேற்கோளிலிருந்து நான் இன்னும் என்ன எடுத்திருக்கலாம்?’ என்று கேட்கட்டும்.