பழைய பிக்கப்பில் விளக்கு மங்கினால் ஏர்த்தைப் பாருங்கள்

முல்லைத்தீவின் உப்புக்காற்றிலும் கிளிநொச்சி வயற்பாதைகளின் சேற்றிலும் ஆண்டுக்கணக்கில் ஓடிய பிக்கப்பின் முகப்பு விளக்கு மங்கி எரிந்தால், புதிய பற்றரிக்குக் காசு கொடுக்க முன் ஏர்த் இணைப்பை, அதாவது பற்றரியின் மறைமுனையை (−) வாகனத்தின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கும் வயரைச் சோதியுங்கள். ஓய்விலிருக்கும் நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும்; அப்படிக் காட்டினால் அடுத்து ஏர்த்தைப் பாருங்கள்.

விளக்குகளை எரியவிட்டு, வோல்ற்மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மறைமுனையிலும் மற்றையதைச் சேசிஸில் (வாகனத்தின் இரும்புச் சட்டத்தில்) பெயின்ற் சுரண்டிய வெற்று இரும்பிலும் வைத்துப் பார்க்கையில் 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால், அந்த வழியில் தடை இருக்கிறது. பெரும்பாலும் ஏர்த் வயரின் போல்ட்டுக்கு அடியில் பச்சைப் பூஞ்சணம் போன்ற படிவும் துருவும் இறுகியிருக்கும். பற்றரியின் மறை வயரை முதலில் கழற்றிவிட்டு, அந்த இடத்தை உலோகம் மின்னும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கிப் பூட்டியபின் மேலே கிறீஸ் பூசுங்கள்.

எரிந்த பியூசுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றவே கூடாது; வயர் உருகி வாகனமே தீப்பற்றலாம்.