ஆஷ்விட்ஸ் போகிறவர்களே, பிர்க்கெனாவைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்

போன மாதம் போலந்தில், நாஜி ஜெர்மனி நடத்திய ஆஷ்விட்ஸ் வதை முகாமின் நினைவிடத்து வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பார்த்தேன். கோயம்புத்தூர்ப் பக்கம். முதல் முகாமைச் சுற்றி முடித்து வெளியே வந்திருந்தார்கள். இரண்டாவது முகாமான பிர்க்கெனாவுக்குப் போகும் பேருந்து எதிரிலேயே நின்றது. அதில் ஏறாமல் தங்கள் வேனில் ஏறினார்கள். "உப்புச் சுரங்கத்துக்கு மூணு மணிக்கு புக் பண்ணியிருக்கோம், லேட்டாயிடும்" என்றார் அந்த அம்மா. எட்டு வருடத்துக்கு முன் அதே இடத்தில் அதே மாதிரி வேனில் ஏறியவன் நான்.

அப்புறம் அந்தப் பக்கத்துப் பெரிய நகரமான க்ராகோவிலேயே வேலை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஆஷ்விட்ஸுக்கு நான்தான் அழைத்துப் போவேன். நேரத்துக்குப் போங்கள், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் செய்து, புதிதாக வருகிறவர்களும் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

முதல் முகாமோடு திரும்பிவிடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

நாம் ஒரே பெயரில் ஆஷ்விட்ஸ் என்று சொன்னாலும், பார்க்க வேண்டியவை இரண்டு இடங்கள். முதல் முகாம் 1940-இல் பழைய ராணுவக் குடியிருப்பில் தொடங்கியது. செங்கல் கட்டடங்கள், 'உழைப்பு விடுதலை தரும்' என்ற இரும்பு வாசல், கண்ணாடிக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் செருப்புகள், பெயர் எழுதிய பெட்டிகள், மூக்குக் கண்ணாடிகள் எல்லாம் அங்கேதான். இரண்டு மணி நேரம் அதைப் பார்த்து வெளியே வந்ததும் எல்லாம் பார்த்துவிட்டோம் என்று மனம் சொல்லிவிடுகிறது. பிர்க்கெனாவ் அங்கிருந்து 3 கிலோமீட்டர். நினைவிடத்தாரே பேருந்து விடுகிறார்கள்.

ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 13 லட்சம் பேர். கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம், அதில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள். கைதியாகப் பதிவு செய்யப்பட்டவர்களோ சுமார் 4 லட்சம்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் ரயிலை விட்டு இறங்கிய கொஞ்ச நேரத்துக்குள் நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்கள். அவர்களுக்கு எண் கிடையாது, கோடு போட்ட சட்டை கிடையாது, ஒரு ராத்திரி படுக்க இடம்கூடக் கிடையாது. அந்தச் செங்கல் கட்டடங்களை அவர்கள் கண்ணால் பார்த்ததே இல்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் செத்தது பிர்க்கெனாவில். முதல் முகாமில் நாம் பார்ப்பது அவர்களின் செருப்பை. அவர்கள் கடைசியாக நடந்த இடத்துக்குப் போகாமலே ஊர் திரும்பிவிடுகிறோம்.

க்ராகோவில் ஒரே நாளில் ஆஷ்விட்ஸையும் வியெலிச்கா உப்புச் சுரங்கத்தையும் சேர்த்து விற்கிறார்கள். ஒன்று மேற்கே கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர், இன்னொன்று ஊருக்குத் தென்கிழக்கே. நான் முதல் தடவை எடுத்ததும் அப்படி ஒரு பயணம்தான். வேன் பிர்க்கெனாவ் வாசலில் பத்து நிமிடம் நின்றது. ரயில் பாதை நுழையும் அந்தக் கோபுர வாசலைப் படம் எடுத்தோம், ஏறிவிட்டோம். மூன்று மணிக்குப் பூமிக்கு அடியில், உப்பில் செய்த சரவிளக்குகளுக்குக் கீழே நின்றேன். வழிகாட்டி சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. காலையில் பார்த்த குழந்தைச் செருப்பு ஒன்று கண்ணிலேயே நின்றது. இரண்டில் எதையும் பார்த்ததாக ஆகவில்லை.

மறுபடி போக எனக்கு வாய்த்தது. ஊரிலிருந்து ஒரே முறை வருகிறவர்களுக்கு வாய்க்காது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் திண்டுக்கல்லிலிருந்து சித்தப்பா வந்தார். பிர்க்கெனாவ் வாசலில் இறங்கிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வெறும் பொட்டலா கிடக்கு. பார்க்க என்ன இருக்கு இங்க?" என்றார். கேள்வி சரிதான். 420 ஏக்கருக்கு மேல் கம்பி வேலி. மரக் கொட்டகைகள் பெரும்பாலும் போய்விட்டன, செங்கல் புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. மிச்சமிருக்கும் கொட்டகை ஒன்றுக்குள் போனோம். 52 குதிரைகளுக்கென்று வரைந்த லாய வடிவம் அது. அதில் 400 பேருக்கு மேல் அடைத்தார்கள். 1944 ஆகஸ்டில் இங்கே இருந்த கைதிகள் 90,000-க்கும் அதிகம்.

வாசலிலிருந்து தண்டவாளத்தை ஒட்டி நேராக நடந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நடுவில் ஒற்றைச் சரக்குப் பெட்டி நிற்கிறது. 1944 மே மாதத்திலிருந்து ஜூலை வரை ஹங்கேரியிலிருந்து மட்டும் 4 லட்சத்துக்கும் அதிகமான யூதர்களை இந்தப் பாதையில் கொண்டுவந்து இறக்கினார்கள். பாதை முடியும் இடத்தில், இரண்டு பக்கமும் இடிந்து விழுந்த கான்கிரீட். 1945 ஜனவரியில், சோவியத் படை நெருங்கியபோது, நச்சுவாயு அறைகளை நாஜிகளே வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள்.

வழிகாட்டிச் சுற்று பெரும்பாலும் இங்கேயே திரும்பிவிடும். நீங்கள் திரும்பாதீர்கள். வழிகாட்டிக்கு நன்றி சொல்லிவிட்டு, வலது பக்கம் மரங்களை நோக்கி நடங்கள். கூட்டம் அங்கே வருவதில்லை. பிர்ச் மரத் தோப்பு ஒன்று வரும். ஊரின் பெயரே அந்த மரத்திலிருந்து வந்ததுதான். நச்சுவாயு அறையில் இடம் காலியாகும் வரை குடும்பம் குடும்பமாக இந்தத் தோப்பில் உட்காரவைத்தார்கள். 1944-இல் நாஜிகளே எடுத்த படங்களைப் பெரிதாக்கி அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், அவர்கள் மடியில் பிள்ளைகள். படத்திலிருக்கும் மரங்களும் நம் தலைக்கு மேலே இருக்கும் மரங்களும் ஒரே ஜாதி. பக்கத்திலேயே ஒரு குளம். சாம்பலைக் கொட்டிய குளம்.

அங்கிருந்து 'சாவ்னா' என்ற நீளமான செங்கல் கட்டடம் தெரியும். உயிரோடு விடப்பட்டவர்களின் உடையைப் பிடுங்கி, தலையை மழித்து, கைதியாக்கிய இடம். பழைய தரை மேல் கால் படாமல் இருக்க, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். கடைசி அறையில் குடும்பப் புகைப்படங்கள். பெரும்பாலும் பெஞ்ஜின் என்ற ஊரிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் வந்தவர்கள் தங்கள் பெட்டியில் கொண்டுவந்தவை.

சித்தப்பா முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஒரு கல்யாணப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். "இது ஸ்டூடியோல எடுத்தது தம்பி. பின்னாடி திரை கையால வரைஞ்சது, பாரு. பொண்ணை லேசாத் திரும்பி நிக்கச் சொல்லியிருக்கான், நல்ல வேலைக்காரன்." அடுத்த படத்துக்குப் போனார். அப்புறம் அடுத்தது. நாற்பது நிமிடம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். உப்புச் சுரங்கம் நல்ல இடம். மறுநாள் போங்கள்.

பெயரை இனிஷியலோடு பதிவு செய்வது

நுழைவு அட்டை ஆள் பெயருக்குத்தான் தருகிறார்கள், வாசலில் அடையாள ஆவணம் கேட்பார்கள். நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு வரியில், நம் பெயர் இன்னொரு வரியில் இருக்கும். அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்து மாறாமல் பதியுங்கள். நண்பர் ஒருவர் இனிஷியலும் வீட்டுப் பெயருமாகப் பதிந்துவிட்டு வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் குழு உள்ளே போய்விட்டது.

பெரிய பை

35 × 25 × 15 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

சின்னப் பிள்ளைகளை அழைத்து வருவது

14 வயதுக்குக் கீழே வேண்டாம் என்று நினைவிடத்தாரே கேட்டுக்கொள்கிறார்கள். தடை இல்லையே என்று என் உறவுக்கார அண்ணன் ஒருவர் எட்டு வயது மகளைக் கூட்டி வந்தார். பெண்களின் தலைமுடி குவித்து வைத்திருக்கும் அறையில் அவள், "இது யாரோடதுப்பா?" என்று கேட்டாள். அண்ணனால் பதில் சொல்ல முடியவில்லை. மீதி நேரம் முழுக்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் வயது வரும், பதிலைத் தாங்கும் வயதும் வரும். அதுவரை பொறுத்திருக்கலாம்.

"ஏன் யாருமே எதிர்க்கவில்லை?"

நானும் முதல் தடவை கேட்டேன். பதில் தெரியாமல் கேட்டதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். எதிர்த்தார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த யூதப் பெண்கள் மருந்துப் பொடியைச் சிறுகச் சிறுகக் கடத்தினார்கள். ரோஸா ரோபோட்டா போன்ற பெண் கைதிகள் வழியாக அது பிணம் எரிக்கும் வேலைக்குத் தள்ளப்பட்டிருந்த கைதிகளிடம் போய்ச் சேர்ந்தது. 1944 அக்டோபர் 7-ஆம் தேதி அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், நான்காம் எண் தகனக் கூடம் எரிந்தது. 1945 ஜனவரி 6-ஆம் தேதி ரோஸாவையும் மற்ற மூன்று பெண்களையும் தூக்கிலிட்டார்கள். சரியாக மூன்று வாரம் கழித்து, ஜனவரி 27-ஆம் தேதி, முகாம் விடுவிக்கப்பட்டது.

"போலந்து வதை முகாம்" என்று சொல்வது

இருப்பது போலந்தில். கட்டியதும் நடத்தியதும் நாஜி ஜெர்மனி. முதலில் இங்கே அடைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் போலந்துக்காரர்கள். யுனெஸ்கோவே 2007-இல் இந்த இடத்தின் பெயரில் 'ஜெர்மன் நாஜி' என்று சேர்த்தது.

"டாஹாவ் பார்த்தாச்சே, இது எதுக்கு?"

மியூனிக் வழியாக வருகிறவர்கள் கேட்பது. மியூனிக் பக்கத்திலுள்ள டாஹாவ் முகாம் 1933 மார்ச்சில், முதலில் அரசியல் எதிரிகளை அடைப்பதற்காகத் திறந்தது. அங்கேயும் 40,000-க்கும் அதிகமானோர் செத்தார்கள். ஆனால் வருகிறவர்களை அன்றே கொல்வதற்கென்று கட்டப்பட்ட இடமல்ல அது. போலந்தில் நாஜிகள் வைத்திருந்த ட்ரெப்ளிங்கா முகாம் அப்படிக் கட்டப்பட்டது. அங்கே ஒரு சுவர்கூட மிச்சமில்லை, நட்டு வைத்த கற்கள்தான். ஒவ்வொன்றும் வேறு.

படம் எடுப்பது

தலைமுடி இருக்கும் அறையிலும் பதினோராம் எண் கட்டடத்தின் நிலவறையிலும் கூடாது. தண்டவாளத்தின் மேல் கை விரித்து நடக்கும் படம் எங்கேயும் கூடாது.

ஹிட்லர் பேச்சு

"நம்ம ஊருக்கும் அப்படி ஒரு ஆள் வேணும்" என்று பேருந்தில் வைத்து ஒரு மாமா சொன்னார். தமிழில்தானே பேசுகிறோம் என்று நினைத்திருப்பார். அந்தப் பெயர் எந்த மொழிக்குள் வந்தாலும் எல்லாருக்கும் புரியும். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த வயதான தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வை மறக்கவில்லை. உங்களோடு வருகிறவர்களிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

அன்று மாலைக்கு வேறு திட்டம்

வேண்டாம்.

தரையிலிருந்து எதையாவது எடுப்பது

கூழாங்கல்கூட வேண்டாம். பிடிபட்டால் வழக்கு. வந்தவர்களின் உடைமைகளைக் குவித்து வைத்திருந்த கிடங்குகளுக்குக் கைதிகள் 'கனடா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவை எரிந்துபோன இடத்துக்குப் பக்கத்தில், மழை விட்ட ஒரு மாலையில், மண்ணுக்கு வெளியே ஒரு கரண்டிக் காம்பு தெரிந்தது. சித்தப்பா குனிந்து பார்த்தார், தொடவில்லை.