டிஎக்ஸ்7 பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற சவுண்டை எல்லாம் பத்திரமா எடுக்கறது எப்படி (நான் சொதப்பினதையும் சேர்த்து)

போன வருஷம் ஒரு யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் (சவுண்டை நாமே உருவாக்கிக்கற எலக்ட்ரானிக் கீபோர்டு) வாங்கினேன், 1983ல வந்த அதே பழைய மாடல், பச்சை பட்டன் எல்லாம் தேய்ஞ்சு போனது. திண்டுக்கல் பக்கம் லைட் மியூசிக் ட்ரூப்ல பல வருஷம் கீபோர்டு வாசிச்ச ஒரு அண்ணன்கிட்ட இருந்து. வண்டியில ஏத்தும்போது அவர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "தம்பி, உள்ள 32 சவுண்டும் நானே போட்டது, கம்பெனி சவுண்டு ஒண்ணு கூட இல்ல, பேட்டரி எப்ப வேணா போயிரும், பாத்துக்க."

பாத்துக்கிட்ட லட்சணத்தைத்தான் இங்க எழுதறேன். நெட்ல இதுக்கு எக்கச்சக்க வீடியோ இருக்கு, எல்லாருமே பேட்டரியை சால்டர் பண்றதை அரை மணி நேரம் காட்டிட்டு "அதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துக்கோங்க"ன்னு ஒரே வரியில தாண்டிப் போயிடறாங்க. நான் விழுந்தது அந்த ஒரு வரியிலதான்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வோல்டேஜ் பாருங்க

ஜப்பான்ல இருந்து செகண்ட் ஹேண்டா வந்த பீஸ்னா பின்னாடி 100 வோல்ட்னு போட்டிருக்கும். அதை நம்ம 230ல நேரா சொருகிட்டா பேட்டரி பத்தி எல்லாம் கவலைப்பட வேண்டியதே இல்ல, கதை அங்கயே முடிஞ்சிடும். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கோங்க.

பேட்டரி எப்படி இருக்குன்னு பார்க்கறது

ஃபங்ஷன் பட்டன், அப்புறம் 14. டிஸ்ப்ளேல வோல்டேஜ் வரும். புது பேட்டரின்னா 3 வோல்ட் கிட்ட காட்டும், என்னோடது 2.3 காட்டுச்சு. 2.5க்கு கீழ போச்சுன்னா நான் காத்திருக்க மாட்டேன். உள்ள இருக்கறது சாதாரண சிஆர்2032தான், கார் ரிமோட்ல போடற அதே பட்டன் பேட்டரி. ஆனா ஹோல்டர்ல இல்லாம போர்டோட சேர்த்து சால்டர் பண்ணி வச்சிருப்பாங்க. அதை எடுத்த நொடியே மெமரி காலி, 32 சவுண்டும் போச்சு. அதனாலதான் பேக்கப்.

பேக்கப்: என்ன வேணும்

ஒரு கம்ப்யூட்டர், ஒரு மிடி இன்டர்ஃபேஸ் (மிடிங்கறது கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கற பொது மொழி, ரெண்டையும் இணைக்கறது இது), ஒரு சாஃப்ட்வேர். விண்டோஸ்னா மிடி-ஆக்ஸ், மேக்னா சிஸெக்ஸ் லைப்ரேரியன், பர்சனல் யூஸுக்கு ரெண்டுக்கும் காசு கிடையாது. மிடி-ஆக்ஸ் பார்க்க 90கள்ல செஞ்ச மாதிரி அசிங்கமா இருக்கும், பரவால்ல, அதை விட நம்பிக்கையான ஒண்ணை நான் இன்னும் பார்க்கல.

கூடவே டெக்ஸ்ட் (Dexed) டவுன்லோட் பண்ணிக்கோங்க. டிஎக்ஸ்7ஐ கம்ப்யூட்டர் உள்ள அப்படியே நகல் எடுத்த மாதிரி ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ளகின், ஃப்ரீ. அது எதுக்குன்னு அப்புறம் சொல்றேன், ஆனா இல்லாம தொடங்காதீங்க.

இன்டர்ஃபேஸ் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆன்லைன்ல முன்னூறு நானூறு ரூபாய்க்கு ஒரு கேபிள் கிடைக்கும், ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் ரெண்டு அஞ்சு-பின் மிடி தலை, நடுவுல லைட் எரியற குட்டி டப்பா. நோட்டு வாசிச்சா சூப்பரா போகும். சிஸெக்ஸ், அதாவது சவுண்டோட செட்டிங்கை மொத்தமா அனுப்பற மிடி டேட்டா, அனுப்பினா நடுவுல முழுங்கிடும். நோட்டுங்கறது மூணு பைட்டு, சிஸெக்ஸ்ல வர்றது நாலாயிரம் பைட்டு மூச்சு விடாம, அந்த குட்டி டப்பாக்குள்ள அதைத் தாங்கற பஃபர் (வர்றதைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கற மெமரி) கிடையாது. ரோலண்ட் யுஎம்-ஒன் மாதிரி ஒண்ணோ, இல்ல அஞ்சு-பின் சாக்கெட் பாடியிலயே இருக்கற ஆடியோ இன்டர்ஃபேஸோ எடுத்துக்கோங்க. கச்சேரிக்குப் போற நண்பர் யாராவது வச்சிருப்பார், ஒரு நாள் கடன் வாங்கினா போதும்.

(மிடி வந்ததும் டிஎக்ஸ்7 வந்ததும் ஒரே 1983தான். அந்த ஜனவரியில அமெரிக்காவுல நாம் (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில சீக்வென்ஷியல் கம்பெனியோட ப்ராஃபெட்-600யும் ரோலண்ட் ஜூபிடர்-6யும் முதல் தடவையா மிடியில சேர்த்து வாசிச்சுக் காட்டினாங்க. அன்னைக்கு வச்ச வேகம் செகண்டுக்கு 31,250 பிட். இன்னைக்கும் அஞ்சு-பின் கேபிள்ல அதே வேகம்தான்.)

கேபிளை சொருகறது

இந்தக் கேபிள்ல இன், அவுட்னு எழுதியிருக்கறது யாரோட இன், யாரோட அவுட்ங்கறதுல ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி எழுதறான். டிஎக்ஸ்7ல அவுட்னு போட்ட ஓட்டையில இருந்து வர்றது கம்ப்யூட்டருக்குள்ள போகணும், அவ்வளவுதான். மிடி-ஆக்ஸைத் திறந்து வச்சு ஒரு கீயை அமுக்குங்க, ஸ்க்ரீன்ல வரி ஓடுச்சுன்னா சரி, ஓடலைன்னா ரெண்டு தலையையும் மாத்தி சொருகுங்க, எதுவும் கெட்டுப் போகாது.

டம்ப் (உள்ள இருக்கற சவுண்டை மொத்தமா வெளிய அனுப்பறது) எடுக்கறது

டிஎக்ஸ்7ல:

ஃபங்ஷன் அமுக்கி 8 அமுக்குங்க, மிடி சேனல் வரும். திரும்ப 8, இப்ப சிஸ் இன்ஃபோ அனவெயில்னு வரும். யெஸ் பட்டனை அமுக்கினா அவெயில்னு மாறும். திரும்ப 8, மிடி ட்ரான்ஸ்மிட் பண்ணவான்னு கேள்விக்குறியோட கேட்கும். இங்க நில்லுங்க, இன்னும் யெஸ் அமுக்காதீங்க.

மிடி-ஆக்ஸ்ல சிஸெக்ஸ் விண்டோவைத் திறந்து ரிசீவ் மேனுவல் டம்ப் குடுங்க. மேக்ல ரெக்கார்ட் ஒன். இப்ப கம்ப்யூட்டர் காத்துக்கிட்டு இருக்கு. இப்ப போய் யெஸ் அமுக்குங்க. ஒண்ணே கால் செகண்டுக்கு கொஞ்சம் மேல, முடிஞ்சிடும். எஸ்ஒய்எக்ஸ் ஃபைலா சேவ் பண்ணுங்க.

சேவ் ஆயிடுச்சுன்னு நினைச்சு எழுந்துக்காதீங்க

நான் எழுந்துட்டேன். ஃபைல் இருக்கு, பேர் குடுத்தாச்சு, ட்ரைவ்ல கூட ஏத்தியாச்சு. அப்புறம் என்ன, ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துட்டேன்.

அந்த ஃபைல் எத்தனை பைட்டுன்னு பாருங்க. டிஎக்ஸ்7 ஒரு பேங்க் (32 சவுண்டும் சேர்ந்த தொகுப்பு) டம்ப் மிகச் சரியா 4,104 பைட் இருக்கணும். ஒரு சவுண்டுக்கு 128 பைட், 32 சவுண்டுக்கு 4,096, முன்னாடி ஆறு பைட் தலைப்பு, பின்னாடி செக்சம் (டேட்டா சரியா வந்துச்சான்னு சோதிக்கற எண்) ஒண்ணு, முடிவு ஒண்ணு. 4,103ன்னு இருந்தாலும் அது பேக்கப் இல்ல. விண்டோஸ்ல ஃபைல் மேல ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், அங்க சைஸ்ங்கற வரியைப் பாருங்க, சைஸ் ஆன் டிஸ்க் வேற, அதைப் பார்த்து குழம்பாதீங்க. ஃபோல்டர்ல வெளிய தெரியற "5 கேபி"யையும் நம்பாதீங்க, 4,100 இருந்தாலும் 5 கேபின்னுதான் காட்டும்.

அப்புறம் அந்த ஃபைலை டெக்ஸ்ட் ப்ளகின்ல ஏத்துங்க. 32 சவுண்டோட பேரும் வரிசையா வருதா, ஒவ்வொண்ணையும் வாசிச்சா கீபோர்டுல கேட்ட மாதிரியே கேட்குதா பாருங்க. பேரைப் பார்த்துட்டு மட்டும் விட்டுடாதீங்க, ஏன்னா பேர் உசுரோட இருந்து சவுண்டு செத்துப் போறதும் நடக்கும். எனக்கு நடந்துச்சு.

இதெல்லாம் ஓகேன்னா இன்னொரு டம்ப் எடுத்து ரெண்டு ஃபைலும் ஒண்ணான்னு பாருங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாத்தான் நான் இப்பெல்லாம் ஸ்க்ரூவைத் தொடறேன்.

பேட்டரி மாத்துறது

ப்ளக்கைப் புடுங்குங்க, ஸ்விட்சை ஆஃப் பண்ணா மட்டும் போதாது. அடியில ஓரத்துல இருக்கற ஸ்க்ரூ, பக்கவாட்டு ஸ்க்ரூ எல்லாம் எடுத்தா மேல் பேனல் கார் பானெட் மாதிரி திறக்கும். உள்ள பவர் சப்ளை பக்கம் கை வைக்காதீங்க. பேட்டரியோட ப்ளஸ் எந்தப் பக்கம்னு ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

பழைய போர்டு, சூடு அதிகமானா காப்பர் பேட் உரிஞ்சுக்கிட்டு வந்துடும். சக்கர்ல பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துட்டு பேட்டரியை மெதுவா தூக்குங்க, வரலைன்னா இழுக்காதீங்க, கொஞ்சம் புது சால்டர் வச்சு திரும்ப உருக்குங்க. அதே எடத்துல ஒரு சிஆர்2032 ஹோல்டர் போட்டுடுங்க, ரிச்சி ஸ்ட்ரீட்ல சில்லறைக் காசுக்குக் கிடைக்குது, அடுத்த தடவை சால்டரே வேண்டாம். பட்டன் பேட்டரி மேல நேரா சால்டர் வைக்கறவங்களும் இருக்காங்க, அது வெடிக்கும், செய்யாதீங்க. சால்டர் பழக்கமே இல்லைன்னா தெருவுல செல்ஃபோன் சர்வீஸ் பண்ற கடையில குடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

திரும்ப உள்ள ஏத்தறது

ஆன் பண்ணதும் டிஸ்ப்ளேல கன்னாபின்னான்னு எழுத்து வரும், பயப்படாதீங்க. கேபிளை இப்ப டிஎக்ஸ்7 இன் பக்கம் மாத்துங்க. மெமரி ப்ரொடெக்ட் இன்டர்னல் பட்டனை அமுக்கி, நோ அமுக்கி ஆஃப் பண்ணுங்க, இதை மறந்தா எத்தனை தடவை அனுப்பினாலும் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். சிஸ் இன்ஃபோவைத் திரும்ப அவெயில் பண்ணுங்க. சேனல் 1. இப்ப ஃபைலை அனுப்புங்க. செக்சம் எரர்னு வந்தா வேகம் தாங்கலைன்னு அர்த்தம், மிடி-ஆக்ஸ் சிஸெக்ஸ் செட்டிங்ல பஃபருக்கு நடுவுல டிலே கூட்டுங்க, மேக்ல ப்ரிஃபரன்ஸ்ல ட்ரான்ஸ்மிட் ஸ்பீடைக் குறைங்க.

என் சொதப்பல், முழுசா

பேட்டரி மாத்தி, ஃபைலை அனுப்பினா எரர். திரும்ப எரர். அப்பத்தான் சைஸ் பார்த்தேன், 4,056. நாப்பத்தெட்டு பைட்டைக் காணோம். முதல் டம்ப் அந்த நானூறு ரூபா கேபிள்ல எடுத்தது.

அன்னைக்கு ராத்திரி தூங்கல. மறுநாள் ஹெக்ஸ் எடிட்டர்ல (ஃபைலை பைட் பைட்டா காட்டற சாஃப்ட்வேர்) ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு சவுண்டோட 128 பைட்லயும் கடைசி பத்து பைட்தான் பேரு, அது இங்கிலீஷ் எழுத்தாவே பக்கத்து கட்டத்துல தெரியும். ஏழாவதுல நாதஸ்வரம்னு எழுதியிருந்தார். இங்கிலீஷ்ல எழுதினா எண்ணி பத்தே எழுத்து, டிஎக்ஸ்7 விடறதும் பத்தே எழுத்து, மனுஷன் எப்படி சந்தோஷப்பட்டிருப்பார் பாருங்க. அப்படியே பேரா எண்ணிக்கிட்டே வந்தேன், ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் 128, 128, 128. இருபத்துமூணுக்கும் இருபத்துநாலுக்கும் நடுவுல மட்டும் 80.

ஓட்டை ஒரே எடத்துலதான். யுஎஸ்பி மிடியில சிஸெக்ஸ் மூணு மூணு பைட்டா பொட்டலம் கட்டித்தான் போகும், பதினாறு பொட்டலம் தொடர்ச்சியா விழுந்திருக்கு. அந்த எடத்துல 48 சைபரைத் திணிச்சேன், இருபத்தஞ்சுல இருந்து முப்பத்திரண்டு வரைக்கும் எல்லாம் அதது எடத்துக்கு வந்து உட்கார்ந்துச்சு. செக்சமை கையால போட்டேன்: 4,096 டேட்டா பைட்டையும் கூட்டி, 128ஆல வகுத்து மீதியை எடுத்து, 128ல இருந்து கழிக்கணும், மீதி சைபர்னா செக்சமும் சைபர். நண்பரோட இன்டர்ஃபேஸ்ல அனுப்பினேன், ஏத்துக்கிச்சு. நாதஸ்வரம் வாசிச்சுது.

இருபத்துநாலு மட்டும் போச்சு. ஒரு சவுண்டுல ஆறு ஆபரேட்டர் (அலையை உண்டாக்கற பகுதி), ஒண்ணுக்கு 17 பைட். 48 போனா கிட்டத்தட்ட மூணு ஆபரேட்டர் காலி. பேரு கடைசியில இருக்கறதால அது மட்டும் தப்பிச்சுது. கோவில் மணின்னு இங்கிலீஷ்ல, நடுவுல ஒரு எடம் விட்டு, அதுவும் மிகச் சரியா பத்து.

அப்டேட் 1: பேட்டரி மாத்தினதும் ஒரு நேரத்துல ஒரு நோட்டுதான் கேட்குது, கார்டே (chord) வரலைன்னு ஒருத்தர் கமென்ட்ல கேட்டார். ஃபங்ஷன் 2, மோனோன்னு இருக்கும், பாலிக்கு மாத்துங்க. நோட்டு வழுக்கிக்கிட்டே போச்சுன்னா 7, போர்ட்டமென்ட்டோ டைம், அதை சைபர் ஆக்குங்க. இந்த செட்டிங் எல்லாம் சவுண்டு கூட சேவ் ஆகறது இல்ல, அதனால பேங்க் டம்ப்லயும் வராது. நான் எழுத மறந்துட்டேன், சாரி.

அப்டேட் 2: டிஎக்ஸ்7 இல்ல, கோர்க் வோல்கா எஃப்எம் (குட்டி சிந்தசைசர்) இருக்கு, இந்த ஃபைல் அதுல போகுமான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. போகும். அதுவும் ஆறு ஆபரேட்டர்தான், அதே 32 அல்காரிதம்தான் (ஆபரேட்டர்களை இணைக்கற விதம்). ஆனா பழைய வோல்காவுல மிடி இன் மட்டும்தான், அவுட் கிடையாது, அதனால உள்ள ஏத்தலாம், வெளிய எடுக்க முடியாது, ஏத்தினா ஏற்கனவே இருந்த 32உம் அழிஞ்சிடும். மூணு வாய்ஸ்தான் ஒரு நேரத்துல. அதோட கீயில மெல்ல தட்டினாலும் ஓங்கி தட்டினாலும் ஒரே சத்தம், டிஎக்ஸ்7 எலக்ட்ரிக் பியானோவோட உசுரே தட்டற வேகத்துலதான் இருக்கு, அதனால வோல்காவுல அது டல்லடிக்கும். மணி, பேஸ் எல்லாம் நல்லா வரும்.

அப்டேட் 3: கோவில் மணியைத் திரும்ப செய்யறதுன்னு உட்கார்ந்தேன். எஃப்எம்ல (டிஎக்ஸ்7 சத்தம் உண்டாக்கற முறை) மணி கஷ்டமே இல்லைம்பாங்க. 1967ல ஸ்டான்ஃபோர்டுல ஜான் சௌனிங் வைப்ரேட்டோவை வேகமாக்கிக்கிட்டே போய், ஒரு கட்டத்துல அது ஆட்டமா கேட்காம புது சத்தமாவே கேட்குதேன்னு கண்டுபிடிச்சாரே, அதேதான் இங்க வேலை செய்யுது: ஒரு ஆபரேட்டர் இன்னொண்ணை ஆட்டணும், ரெண்டுக்கும் நடுவுல விகிதம் முழு எண்ணா இல்லாம 3.50 மாதிரி வச்சா மணி வந்துடும். வந்துச்சு. நீளமா இழுத்து, மெல்ல அடங்கி, நானே அசந்துட்டேன். திண்டுக்கல் அண்ணனுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கர் கிட்ட வச்சு வாசிச்சேன். முழுசா கேட்டார்.

"நல்லா இருக்கு தம்பி. ஆனா இது சர்ச் மணி."